வாசம் இல்லாத பூ

16-3-1978, வியாழன்

புழக்கடைக் கனகாம்பரம் இந்த வருஷம் நன்றாகப் பிடித்துவிட்டது. முருங்கை நிழலும் பாத்திரம் கழுவுகிற தண்ணீருமே அதற்குப் போதும். காய்ந்த காயில் ஈரம் பட்டால் பட்டென்று வெடித்துத் தானே விதைத்துக்கொள்கிறது. இன்று பறித்ததில் ஒரு முழம் தேறியது. தொடுத்துத் தலையில் வைத்துக்கொண்டேன்.

அவர் கும்மிடிப்பூண்டி கெமிக்கல் கம்பெனியிலிருந்து வந்தபோது கரண்ட் இல்லை. இருட்டில் பூ அவர் கையில் பட்டது.

"இன்னாமே, மல்லி வாசம் வாசல் வரிக்கும் தூக்குது!" என்றார்.

கனகாம்பரம் இரண்டு நாள் வாடாது, தலையில் கனக்காது. ஆனால் அதற்கு ஏது வாசம்?

போன வாரம் பால் தீய்ந்தபோது அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கவனம் எங்கே என்று கத்தினேன். கம்பெனிப் புகை மூக்கைத் தின்றுவிட்டது என்று இன்றுதான் புரிந்தது. சொன்னால் வேலையை விடச் சொல்வேன் என்று மறைக்கிறார். சொல்லத்தான் சொல்வேன். விட்டுவிட்டு எதைச் சாப்பிடுவது?

"ஆமா, மல்லிதான். கவரைப்பேட்டை ஸ்டேஷன்ல வாங்கியாந்தேன்" என்றேன்.

கரண்ட் வருவதற்குள் பூவைக் கழற்றி அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவிட்டேன்.