முப்பத்து நான்கு டிகிரி

ஞாயிறு, காலை

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மருமகளும் பாப்பாவும் அங்கே நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் கண் விழித்ததும் எனக்கு வரும் முதல் நினைப்பு. இங்கே நான் சுகமாகத்தான் இருக்கிறேன், வலது முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. ஃபோன் இருக்கும்போது இவள் எதற்குக் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தாள் என்று யோசிப்பாய். ஃபோனில் நீ சாப்பிட்டாயா என்று கேட்பாய், சாப்பிட்டேன் என்பேன், அதற்குள் பாப்பா அழுவாள், அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிடுவாய். அதைக் குறையாகச் சொல்லவில்லை. சொல்ல வந்ததைப் பாதியில் விழுங்கிவிட எனக்கு அது நல்ல சாக்காகிவிடுகிறது, அவ்வளவுதான். விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவின் எண் தவறு என்று நான் ஆபீஸில் எழுதிக் கொடுத்துவிட்டேன். சித்தப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்வரை உன்னிடம் எதுவும் சொல்ல வேண்டாம் என்று அவரைக் கெஞ்சிக் கேட்டிருக்கிறேன். பொறுப்பாரோ மாட்டாரோ.

எந்த எண் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் மருமகளும் இதைப் படிக்கட்டும், அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். எங்கள் ஆற்றில் மட்டும் இருக்கிற ஒரு மீன், சுண்டுவிரல் நீளம், மூக்கருகில் மஞ்சளாக ஒரு புள்ளி, அதனால் நாங்கள் அதை மூக்குத்தி என்றுதான் கூப்பிடுவோம். மேலே இருக்கிற மின் நிலையம் இயந்திரங்களைக் குளிர வைக்க ஆற்றுத் தண்ணீரை எடுத்துச் சூடாகத் திருப்பி விடுகிறது. எவ்வளவு சூடு வரை மீன் தாங்கும் என்று அரசாங்கம் அப்பாவும் நானும் வேலை பார்த்த லேபைக் கேட்டது. அப்பா கண்ணாடித் தொட்டியில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாக்கி, மீன் நிலைதடுமாறி மல்லாக்கச் சாயும் இடத்தைக் குறித்தார். சாய்ந்த உடனே எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் விட்டுவிடுவார், ஒன்றைக்கூடச் சாகவிடவில்லை. முப்பத்து நான்கு டிகிரி என்று வந்தது. அதில் இரண்டைக் கழித்து, ஆற்றுத் தண்ணீர் முப்பத்திரண்டைத் தாண்டக் கூடாது என்று விதி போட்டார்கள். பாராட்டு விழாவில் நீ முதல் வரிசையில் உட்கார்ந்து கை சிவக்கத் தட்டினாய். உனக்கு அப்போது பதின்மூன்று வயது. அன்றைக்கு எடுத்த படம்தான் இத்தனை நாளும் லேப் தாழ்வாரத்தில் மாட்டியிருந்தது, கீழே அந்த எண்ணோடு.

போன வருஷம் இனப்பெருக்க அறையில் நான் ஒன்றைக் கவனித்தேன். ஜன்னலோரத் தொட்டியில் மதிய வெயில் விழும், அதில் தண்ணீர் எப்போதும் மற்றதைவிட இரண்டு மூன்று டிகிரி கூட. அந்தத் தொட்டியில் இருந்த பெண் மீன்களுக்கு வயிறு நிறைய முட்டை இருந்தது, ஆனால் ஒன்றுகூட முட்டையிடவில்லை. சுவரோரத் தொட்டியில் இருந்தவை கல்லுக்குக் கல் இட்டுத் தள்ளின. தீனி ஒன்று, தண்ணீர் ஒன்று, சூடு மட்டும்தான் வேறு. தொட்டிகளைப் பார்த்துக்கொள்கிற தொட்டிக்காரர் உனக்கு நினைவிருக்கும், ஒரு காது கேட்காது, மீனிடம் மட்டும் மெதுவாகப் பேசுவார், அவரையும் வைத்துக்கொண்டு நான்கு மாதம் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தேன். ஒரு நிமிஷத்தில் செவுள் எத்தனை தடவை திறந்து மூடுகிறது, எவ்வளவு ஆக்ஸிஜன் இழுக்கிறது, எத்தனை முட்டை, எல்லாம் எழுதினேன். இருபத்தெட்டில் ஒழுங்காக இடுகிறது. முப்பதில் அங்கொன்றும் இங்கொன்றும். முப்பத்தொன்றைத் தாண்டினால் மூச்சு வாங்கவே அதன் உடம்பு முழுக்கச் செலவாகிவிடுகிறது, முட்டையைத் திரும்ப உடம்பே கரைத்துக்கொள்கிறது. மீன் சாவதில்லை. நீந்துகிறது, தின்கிறது, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. குஞ்சு மட்டும் இல்லை. ஆற்றில் ஏன் வருஷா வருஷம் கிழட்டு மீன்களாகவே பிடிபட்டன என்று அப்போதுதான் புரிந்தது. ஏழு இடத்தில் வலை போட்டு எண்ணினோம், மொத்தமே நாற்பத்தொரு மீன்தான்.

இதுவரைக்கும் சொன்னது மீன் கதை. இனிமேல் சொல்வதற்குத்தான் ஃபோனில் வாய் வரவில்லை. தம்பி, இது எனக்குப் புதிதாகத் தெரிந்தது இல்லை. அப்பா சோதித்ததெல்லாம் சின்ன மீன்கள், முட்டை வைக்காத வயது. அன்றைக்கே நான் அவரிடம் கேட்டேன், முட்டையோடு இருக்கிறதை ஏன் பார்க்கவில்லை என்று. "அது பிடிபடுற சீசன் முடிஞ்சுபோச்சு, அடுத்த வருஷம் பாத்துக்கலாம், இப்ப இவங்களுக்கு ஒரு நம்பர் வேணும்"னு சொன்னார். அடுத்த வருஷம் அந்த நம்பர் சட்டமாகிவிட்டது. ஒருநாள் சமையலறையில் மறுபடி கேட்டேன். பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தவர் துணியைப் போட்டுவிட்டு வெளியே போய்விட்டார். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் எப்போதும் போல எனக்குத் தெர்மாமீட்டரை எடுத்துக் கொடுத்தார், நானும் எப்போதும் போல வாங்கிக்கொண்டேன். அதோடு சரி. அவர் பெரிய அதிகாரி, நான் அவருக்குக் கீழே வேலை, வீட்டிலோ நீ. நானாகத் தனியாகச் செய்து பார்த்திருக்கலாம், தொட்டி இருந்தது, மீன் இருந்தது. செய்யவில்லை. பத்தொன்பது வருஷம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் நானும்தான். அவரை மட்டும் தப்பு சொன்னால் அது இன்னொரு பொய்.

ரிப்போர்ட்டை இயக்குநரிடம் கொண்டுபோனேன். அவர் அப்பாவிடம் படித்தவர். கதவைச் சாத்திவிட்டு, "மேடம், சார் பேரை நம்ம கையாலேயே கெடுக்கணுமா? நீங்க ரிட்டயர் ஆக எட்டு மாசம்தான் இருக்கு. 'கூடுதல் தகவல்'னு போட்டு விட்டுடலாம்" என்றார். அவர் கெட்டவர் இல்லை, சொல்லும்போது அவருக்கே கண் கலங்கியது. கூடுதல் தகவல் என்று போட்டால் விதி மாறுமா என்று கேட்டேன். மாறாது என்றார். அப்படியென்றால் வேண்டாம் என்றேன். விதி போடுகிற கமிட்டியில் மின் நிலைய எஞ்சினியர் நல்ல கேள்வியாகவே கேட்டார், "பத்தொன்பது வருஷமா சரியா இருந்த நம்பர் இன்னைக்கு எப்படிம்மா தப்பாச்சு?" எனக்கு எதிரே தாழ்வாரத்துப் படத்தைக் கழற்றி வைத்ததுபோல அப்பாவின் முகம். "இன்னைக்கு ஆகல சார். அன்னைக்கே பாதிதான் பார்த்தோம். எனக்குத் தெரியும்" என்றேன். முட்டையிடும் மூன்று மாதத்துக்கு மட்டும் இருபத்தெட்டரையைத் தாண்டக் கூடாது என்று விதியை மாற்றிவிட்டார்கள். எஞ்சினியர் திட்டிக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டார், ஆனால் போட்டார்.

அதற்கப்புறம் எனக்கு ஒரு காகிதம் வந்தது, இத்தனை வருஷம் ஏன் மறைத்தீர்கள் என்று விளக்கம் கேட்டு. நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். இப்போது என்னைப் பழைய கோப்புகள் இருக்கும் அறைக்கு மாற்றியிருக்கிறார்கள். ஜன்னல் இல்லாத அறை, ஒரு மேசை, ஒரு நாற்காலி, வந்து உட்கார இன்னொரு நாற்காலி இல்லை. மதியம் டப்பாவைத் திறந்தால் மூடி தரையில் விழுகிற சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கிறது. இருபது வருஷம் என்னோடு ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள், தாழ்வாரத்தில் எதிரே வந்தால் ஃபோனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர்களுக்கும் அப்பா என்றால் உயிர். படத்தை எடுக்கவில்லை, கீழே இருந்த எண்ணை மட்டும் எடுத்துவிட்டார்கள். அந்த இடம் சுவரின் மற்ற நிறத்தைவிட வெளுப்பாக இருக்கிறது. அந்தப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போகிறேன். சித்தப்பா ஃபோன் பண்ணினார், "அண்ணன் செத்தப்புறமாவது நிம்மதியா இருக்க விடக்கூடாதா அண்ணி?" என்றார். அவர் வைத்தபிறகும் ஃபோனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்தால் ரேடியோவை முதலில் போடுகிறேன், அப்புறம்தான் செருப்பைக் கழற்றுகிறேன். யாராவது பேசிக்கொண்டிருக்கட்டும் என்று.

தொட்டிக்காரர் மட்டும் தினமும் சாயங்காலம் கோப்பு அறை வாசலில் நின்று, எந்தத் தொட்டியில் எத்தனை குஞ்சு என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போகிறார், அவருக்கு ஒரு காது கேட்காததால் மாடி முழுக்கக் கேட்கும். ஒருநாள் நானே அவரிடம் கேட்டேன், சார் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று. "சண்டை போட்டிருப்பாரும்மா, ஒரு வாரம். அப்புறம் கையெழுத்துப் போட்டிருப்பாரு" என்றார். எனக்கு ஆறுதல் சொல்கிறார். சண்டை போட்டிருப்பார் என்பது நிச்சயம். கையெழுத்தைப் பற்றி எனக்குத் தெரியாது தம்பி. போட்டிருப்பார் என்று உன்னிடம் சொல்ல ஆசையாக இருக்கிறது, சொல்ல மாட்டேன். ஆனால் இதையும் நீ மறக்கக் கூடாது, கையில் பிடித்த ஒவ்வொரு மீனையும் ஈரக் கையால்தான் பிடிப்பார், காய்ந்த கை அதன் தோலை உரிக்கும் என்று. அந்த மனிதரும் அவர்தான், இந்த எண்ணைத் திருத்தாமல் விட்டவரும் அவர்தான். இரண்டையும் ஒரே ஆளாக நினைக்க எனக்கே ரொம்ப நாள் ஆயிற்று.

போன வாரம் லீவு போட்டுவிட்டு ஆற்றுக்குப் போனேன், தொட்டிக்காரரும் வந்தார். மூன்றாவது வளைவில் இருபத்தெட்டு காட்டியது. முழங்கால் வரை தண்ணீரில் நின்று ஒவ்வொரு கல்லாகப் புரட்டினோம். முப்பது கல்லுக்கு மேல் பார்த்தும் ஒன்றும் இல்லை. முதுகு விட்டுப்போய், போதும் என்று கரையேறும்போது அவர் கையை ஆட்டிக் கூப்பிட்டார். ஒரு தட்டைக் கல்லின் அடியில், கண்ணாடி மாதிரி, கடுகளவு, கொத்தாக. குனிந்து பார்த்தேன், உள்ளே சின்னதாகக் கண் துடித்தது. எண்ணவில்லை. என் வேலையே எண்ணுவது, அன்றைக்கு எண்ணத் தோன்றவில்லை. கல்லை இருந்த இடத்தில் அப்படியே வைத்தேன், உடனே யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. இதைக் கேட்டால் யாரையும்விடச் சந்தோஷப்படுகிறவர் அப்பாதான், அவரிடம் சொல்ல முடியாது. அடுத்து நீ. உன் நம்பரை எடுத்தேன், இதை மட்டும் சொன்னால் மற்றதை மறைத்ததாகும் என்று ஃபோனைப் பைக்குள் போட்டேன். அதனால்தான் முழுசாக எழுதுகிறேன்.

மருமகளிடம் கேட்டதாகச் சொல். அவளுக்கு முதுகு வலி என்றாயே, பாப்பாவைத் தூக்கும்போது குனியாமல் உட்கார்ந்து தூக்கச் சொல். நீ வேலை வேலை என்று சாப்பாட்டை ஒத்திப்போடாதே. பாப்பாவுக்குத் தாத்தாவைப் பற்றிச் சொல்லும்போது நல்லதைச் சொல், நிறைய இருக்கிறது. கொஞ்சம் பெரியவள் ஆனதும் மீதியையும் சொல். மூன்று பேரும் நல்ல மனதும் நல்ல உடம்புமாகப் பல காலம் வாழ வேண்டும், அதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதல் இல்லை.

உனக்கு என் மேல் கோபம் வரும். வரட்டும். திட்ட வேண்டும் என்றால் கூப்பிட்டுத் திட்டு, எந்த நேரமானாலும் எடுப்பேன். பேசாமல் மட்டும் இருந்துவிடாதே தம்பி. பேசாமல் இருந்தே நாங்கள் இரண்டு பேரும் பத்தொன்பது வருஷத்தைக் கழித்துவிட்டோம்.

எப்போதும் உன் நினைப்போடு,
உன் அம்மா