நம் வயலைச் சுற்றிப் போகும் கேபிள்

அன்பு மகள் பூவிழிக்கு,

அப்பா நெடுஞ்செழியன் சொல்லச் சொல்ல உன் தங்கை சுடர்விழி எழுதுவது. இங்கே நான், அம்மா, சுடர், போன வாரம் பிறந்த கன்றுக்குட்டி உட்பட எல்லோரும் சௌக்கியம், அந்தக் குளிரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, காதை மூடிக்கொண்டு, நல்லபடியாக நடமாடிக்கொண்டிருப்பாய் என்று நம்புகிறோம். கும்பகோணத்தில் எனக்கு வலது கண்ணில் புரை எடுத்தார்கள், நன்றாக முடிந்தது, இன்னும் கொஞ்ச நாளைக்கு எழுதக்கூடாது, குனியக்கூடாது, தலைக்குத் தண்ணீர் விடக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார், அதனால்தான் கையெழுத்து இவளுடையது. (அக்கா, புரை எடுத்தது வலது கண்ணில் மட்டும்தான். சந்தேகக் கண்ணுக்கு இன்னும் எந்த ஆஸ்பத்திரியிலும் ஆபரேஷன் வரவில்லை.) நடுநடுவே இவள் ஏதோ சொந்தச் சரக்கைச் சேர்க்கிறாள் என்று சிரிக்கிற சிரிப்பிலேயே தெரிகிறது, அதையெல்லாம் நீ படிக்க வேண்டாம். போன் இருக்க, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நீ பேசுவது ஸ்பீக்கரில் வாசல்வரை கேட்கிறது, நம் வாசலில் இப்போதெல்லாம் நிற்கிறவர்கள் யாரும் சும்மா நிற்கவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பலாம் என்றால் அது அங்கிருந்து யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது. வலங்கைமான் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருக்கிற ஜஸீலாவின் வீட்டுக்காரர் தௌபீக் லீவு முடிந்து லண்டனுக்குத் திரும்புகிறார், அப்பளம், நார்த்தங்காய், பருப்புப்பொடியோடு இதையும் அவரிடம் கொடுக்கிறேன், அங்கே போய் உனக்குப் பார்சல் போட்டுவிடுவார். தங்கமான மனிதர்தான், இருந்தாலும் உறையைச் சுற்றி டேப் ஒட்டச் சொல்லியிருக்கிறேன். டேப் பிரிந்திருந்தால் உடனே எனக்குச் சொல்.

விஷயத்துக்கு வருகிறேன் பாப்பா. கடலுக்குள் காற்றாலை நிறுத்தப் போகிறார்கள், அந்த மின்சாரம் கரையேறி, மண்ணுக்கடியில் கேபிளாக நம் பக்கத்து வயல்களைக் கடந்து துணைமின் நிலையத்துக்குப் போகும் என்று சொல்லி, கோடையில் வந்து சிவப்புத் துணி கட்டிய முளைகளை அடித்துவிட்டுப் போனார்களே, அந்த முளைகள்தான் இன்று நம் தெருவில் நுழைந்திருக்கும் சனி. கிழக்கேயிருந்து நூல் பிடித்தமாதிரி வருகிற கோடு, நம் வயலின் வரப்பைத் தொட்டதும் தெற்கே திரும்பி, காத்தான் பெரியப்பா வயலுக்குள் இறங்கி, நம் மேற்கு வரப்பைத் தாண்டியதும் மறுபடி பழைய கோட்டிலேயே போய்ச் சேர்ந்துகொள்கிறது. போகிற போக்கில் அவர் வயலின் நடுவில் ஓர் இணைப்புக் குழி வேறு. இரண்டு கேபிளை அங்கே வைத்துச் சேர்ப்பார்களாம், மேலே காங்கிரீட் மூடி போடுவார்களாம், அந்த இடத்தில் நாற்று நட முடியாது, டிராக்டர் ஏற முடியாது. நமக்காவது இரண்டு இடத்தில் நிலம் இருக்கிறது, அவருக்கு இருப்பது அந்த ஒரே துண்டு, அடுத்தவர் வயலில் கூலிக்குக் குனிந்து குனிந்து அவரும் ராமாயி பெரியம்மாவும் வாங்கிய துண்டு என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

டீக்கடையில் அத்தனை பேர் இருக்கும்போது பெரியப்பா கேட்டார், டேய் செழியா, கேபிள்கூட ஒன் வூட்டுக்கு மரியாத குடுத்து ஒதுங்கிப் போவுதேடா, ஒன் பொண்ணு கோடு போட்டா கோணலாத்தான் வருமா என்று. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது. ராமாயி பெரியம்மா சிரிக்கவில்லை. அந்தப் பொண்ணு அங்கேருந்து கம்ப்யூட்டர்ல ஒரு தட்டு தட்டுச்சு, இங்க எங்க வயித்துல வந்து விழுந்துச்சு என்று தண்ணீர்க் குழாயடியில் அம்மா காதுபடவே சொல்லியிருக்கிறார். இவர்களுக்கு நீ என்ன வேலை பார்க்கிறாய் என்று எப்படித் தெரியும் என்று உன் அம்மாவிடம் கேட்டேன், அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள். கடலில் காற்றாடி எங்கே நிற்க வேண்டும், கேபிள் எந்தக் கரையில் ஏற வேண்டும் என்று முடிவு செய்வதே என் மகள்தான் என்று பஸ் நிறுத்தத்தில் ஆள் உயரத்துக்கு பிளெக்ஸ் வைத்தது யாரு, நானா என்றாள். (கடலுக்கே வழி சொல்லும் எங்கள் கண்மணியே என்று அதில் போட்டிருந்தோம் அக்கா. வழி சொன்னதுதான் இப்போது வலி.) அந்த பிளெக்ஸைக் காத்தான் பெரியப்பாதான் கேட்டு வாங்கிக்கொண்டு போய் வைக்கோல் போருக்கு மேலே போட்டிருந்தார், இரண்டு மழைக்காலமாக நீதான் அவர் வைக்கோலை நனையாமல் காத்தாய். போன வாரம் காலையில் கதவைத் திறந்தால், அது சுருட்டிக் கயிறு கட்டி நம் கேட்டில் சாத்தியிருக்கிறது. வைக்கோல் நனைந்தால் நனையட்டும் என்று கொண்டுவந்து வைத்திருக்கிறார் என்றால், மனுஷன் எவ்வளவு கசந்துபோயிருக்க வேண்டும். வருஷா வருஷம் நம் போர்வெல் தண்ணீரில் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து நாற்றங்கால் விடுவோம், இந்தச் சம்பாவுக்கு அவர் யாரிடமோ விலைக்கு நாற்றுப் பேசியிருக்கிறார்.

சரி, ஊர் ஆயிரம் பேசும், நான் என் சந்தேகத்தைச் சொல்கிறேன். முளை அடிக்க வந்த சர்வே தம்பி கும்பகோணத்தில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறான், கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்கப் போன அன்று அவனைப் பிடித்து ஏன் தம்பி அங்கே மட்டும் வளைகிறது என்று கேட்டேன். சார், ஒங்க வயல் மூலையில ஒரு மதகு இருக்குன்னு மேப்புல காட்டுது, தண்ணி போற கட்டுமானம் இருந்தா சுத்தித்தான் சார் போவணும் என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த மதகில் பலகையும் இல்லை, தண்ணீரும் இல்லை, வாய்க்கால் தூர்ந்த பிறகு அது மாடு கட்டுகிற கல். வருவாய்த்துறை ஆட்களுக்கே மறந்துபோன மதகு கம்பெனி மேப்பில் எப்படி உயிரோடு இருக்கிறது? அப்போதுதான் போன பொங்கலுக்கு நீ வந்திருந்தது நினைவுக்கு வந்தது. அந்த மதகுமேல் போனை வைத்துக்கொண்டு நாலு பக்கமும் படம் எடுத்தாய், இது இன்னும் கணக்குல இருக்காப்பா என்று கேட்டாய். எதுக்கு பாப்பா என்றேன், சும்மாப்பா என்றாய். உன் சும்மாவை நான் இருபத்தெட்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

போனில் கேட்டபோது என்ன சொன்னாய், எங்க ஆபீஸ் கடல மட்டுந்தாம்ப்பா பாக்குது, கரைக்கு இந்தப் பக்கம் வேற கம்பெனி என்றாய். கடல் முடிகிற இடத்தோடு உன் வேலை முடிகிறது, சந்தோஷம், எங்கள் பாடு அங்கேதான் ஆரம்பிக்கிறது. அதோடு விட்டிருந்தால் நம்பியிருப்பேன். உடனே, வேணும்னா அங்க தெரிஞ்சவங்க இருக்காங்க, ஒரு வார்த்த பேசிப் பாக்கவா என்றாயே, அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. இப்போது ஒரு வார்த்தை பேச ஆள் இருக்கிறது என்றால் அப்போதும் இருந்திருக்கும் அல்லவா? இதற்கு நடுவே நில புரோக்கர் ஒருவன் பெரிய இனிப்புப் பெட்டியோடு வந்தான், மெயின் ரோட்டுப் பக்கம் கேபிள் எப்படித் திரும்பும்னு பாப்பாகிட்ட கேட்டுச் சொன்னா நல்லா கவனிச்சுக்கறோம் அண்ணே என்றான். அம்மா பெட்டியை அவன் வண்டியிலேயே கொண்டுபோய் வைத்துவிட்டாள். (பெட்டி திரும்பிப் போனது நிஜம். உள்ளே இருந்தது போகவில்லை. இது அப்பாவுக்குத் தெரியாது.)

இதை இப்படியே விடக்கூடாது என்று, சமுதாயக்கூடத்தில் நடந்த கருத்துக் கேட்புக் கூட்டத்தில் எழுந்தேன். அய்யா, அது செத்துப்போன மதகு, அதற்காக யாரும் சுற்ற வேண்டாம், கோட்டை நேராக என் வயல் வழியாகவே விடுங்கள், குழியும் என் வயலிலேயே இருக்கட்டும், மனு எழுத வைத்துக் கொண்டுவந்திருக்கிறேன் என்று நீட்டினேன். உன் அம்மா பெண்கள் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்த பார்வையில் ஆபரேஷன் செய்யாத கண்ணும் கலங்கியது, ஒரு வார்த்தை முன்னால் சொல்லவில்லை என்று இன்றுவரை எனக்குக் காபி ஆறித்தான் வருகிறது. காத்தான் பெரியப்பா முகம் கொஞ்சமாவது இளகும் என்று பார்த்தேன். அவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். செழியன் பெரிய மனசுக்காரன்தான், ஆனா நேத்து வளைஞ்ச கோடு இன்னிக்கி இவன் சொன்னதும் நிமிந்துச்சுன்னா, வளைச்சது யாருன்னு ஊருக்கே வெளங்கிடும்ல என்றார். கூடமே ஓவென்று சிரித்தது. அதிகாரிகள் மட்டும் சிரிக்காமல் மனுவை வாங்கிக்கொண்டு, மறுபடி அளந்து பார்த்துப் பொங்கலுக்குள் சொல்வதாகச் சொல்லிப் போனார்கள். காத்தான் பெரியப்பா சொன்னது எவ்வளவு சரி பார். கோடு வளைந்தே கிடந்தால் பெண்ணை வைத்து வளைத்தான் என்பார்கள், நேரானால் பெண்ணை வைத்து நிமிர்த்தினான் என்பார்கள்.

ஆகையால் பாப்பா, தெரிந்தவர், தெரியாதவர், யாரிடமும் நீ வாயைத் திறக்காதே. வளைத்தது நீயாக இருந்தாலும் நிமிர்த்தப் போகாதே, நீ இல்லை என்றால் அந்தக் கோட்டை எட்டியும் பார்க்காதே. என் மனுவை நெடுஞ்செழியன் மனுவாகப் பார்த்து அவர்கள் முடிவு சொல்லட்டும், பூவிழி அப்பாவின் மனுவாக அது ஆகிவிட வேண்டாம். நம் வயலில் குழி வந்தால் வரட்டும், இன்னொரு துண்டு நிலம் இருக்கிறது, சமாளித்துக்கொள்வோம், உன் அம்மாவையும் எப்படியாவது சமாளிக்கிறேன்.

நடந்ததை எனக்கு மட்டும் எழுது என்று கேட்கத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். இவ்வளவும் சொல்லி முடித்த பிறகு அது வேண்டாம் என்று படுகிறது. இல்லை என்று நீ எழுதினால் நான் நம்பிவிடுவேன், பெற்றவன் நம்பியதற்கு ஊரில் என்ன மதிப்பு? ஆமாம் என்று எழுதினால் மறைத்துவிடுவேன், என்னைப் பற்றி எனக்குத் தெரியாதா. பொங்கலுக்கு வருகிறாய் அல்லவா, பஸ்ஸிலிருந்து இறங்கியதும் நம் வீட்டுக்கு வராதே. பெட்டியும் கையுமாக நேரே காத்தான் பெரியப்பா வீட்டுக்குப் போ. அவர் கேட்பார், கேட்காமல் விடமாட்டார். ஆமாமோ இல்லையோ, அதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல். நான் உனக்குப் பின்னால் நிற்கிறேன், அவர் காதில் விழும்போதே என் காதிலும் விழட்டும். அதுவரை இதைப் பற்றி உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். (நானும் பின்னால் நிற்பேன் அக்கா.)

நார்த்தங்காய் பாட்டிலில் ஈரக் கரண்டி போடாதே என்று அம்மா சொல்கிறாள். நீ நோய் நொடி இல்லாமல், தலை நிமிர்ந்து நல்லபடியாக இருக்க எங்கள் எல்லோருடைய ஆசியும் உண்டு. மறுபடியும் சொல்கிறேன், முதலில் அவர் வீடு, அப்புறம்தான் நம் வீடு.

உன்னை எதிர்பார்த்திருக்கும் அப்பா,
நெடுஞ்செழியன்