கழுத்துக்குள் வைத்த கம்பி

அன்பு மனைவிக்கு,

ரோமில் திருத்தந்தை போப் இறந்துவிட்டார். மணி அடித்ததும் வழக்கப்படி சிறைகளைத் திறந்துவிட்டார்கள். அவர் ஆட்சியில் அடிபட்டவர்கள் எல்லோரும் அவருடைய பளிங்குச் சிலைக்குத்தான் ஓடினார்கள். என்னையும் இழுத்துப் போனார்கள்.

“நீதானடா இத நட்டவன்? எங்க அடிச்சா தலை விழும்? சொல்லு, இல்லேன்னா உன் தலைய அடிச்சுப் பாப்போம்!”

கழுத்துக்குள் நான் வைத்த கம்பியின் இடத்தைக் காட்டினேன்.

உன் அப்பா சிலையின் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். “மூணு வருஷம் செதுக்கினது மாப்ள! வேணாம்னு சொல்லுங்க!” நகரச் சொன்னேன். அசையவில்லை.

மூன்றே அடியில் அவர்மேல் விழுந்தது. தலை மட்டும் இருநூறு ராத்தல். உன் அப்பாவுக்கு வலித்திருக்காது. நீ எனக்குத் தைத்த சட்டை இனி உதவாது.

புதியவரைத் தேர்ந்தெடுக்கும்வரை ரோமுக்கு வராதே. வந்த பிறகு என்ன வேண்டுமானாலும் கேள். சம்மட்டி யார் கையில் இருந்தது என்று மட்டும் கேட்காதே.

உன் கணவன்