காரை நிழலில் நிறுத்திய ஊர்

அத்தான்,

இப்போது நான் இருக்கும் மில்பிடாஸில் இன்று வெயில் மண்டையைப் பிளக்கிறது. மத்தியானம் கடை வாசலில் காரைத் திறந்ததும் காய்ந்த சீட்டின் ரெக்ஸின் வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். உங்கள் ஊர் வந்துவிட்டது.

எண்பதுகளின் தொடக்கம், டெக்சஸின் கிழக்கே பேர்லேண்டில் நம்மவர்களின் கோயில் எழும்பிக்கொண்டிருந்த சமயம். அதே டெக்சஸின் மேற்குக் கோடியில், ஒரு சிக்னல்கூட இல்லாத அந்த ஊருக்கு நீங்கள்தான் டாக்டர். உங்களைக் கிளப்பிப் பேர்லேண்டுக்குக் கொண்டுவர, அப்போது அங்கேயே இருந்த என்னை அக்கா ஏவினாள். "நீ பேசினா கேப்பாருடா. கோயிலுக்கு ஒரு நாள் பூரா டிரைவ் பண்ண வேண்டியிருக்கு" என்று போனில் அழுதாள். ஆளைத் தெரிந்துதான் பிடித்தாள். படிப்பு பத்தாவதோடு நின்றாலும், என் பேச்சுக்கு மசியாதவன் ஏழெட்டுக் கண்டங்களிலும் கிடையாது. ஒரு நாள் பாதையை அரை நாளில் விழுங்கினேன். போலீஸ்காரனே ஒதுங்கி வழிவிட்டான்.

மறுநாள் உங்கள் கிளினிக் வாசலில் காரை விட்டேன். ஊர் வழக்கம் என்று நீங்கள் சொன்னபடி சாவியும் அதிலேயே. வெளியே வந்து பார்த்தால் கார் இல்லை! "திருடன், திருடன்" என்று தமிழிலேயே கத்தினேன். அந்தச் சத்தத்தில் மிரண்ட இரண்டு குதிரைகள் மெக்சிகோவில்தான் போய் நின்றன. ஸ்டெதாஸ்கோப்போடு ஓடிவந்த நீங்கள், சிரித்துக்கொண்டே எதிர்ச்சாரியைக் காட்டினீர்கள். பெரிய மரத்தடியில் என் கார், கண்ணாடிகளை இறக்கிவிட்டுக்கொண்டு சொகுசாக நின்றது. இரும்புச் சாமான் கடைக்காரக் கிழவி கையை ஆட்டினாள். வெயிலில் காய்கிறதே என்று அவளே ஓட்டிப்போய் நிழலில் விட்டிருக்கிறாள்.

"யாரு காருன்னுகூட அவளுக்குத் தெரியாது மாப்ளே. இந்த ஊரை விட்டு எப்படிடா வரச் சொல்றே?"

நான் அந்தக் கிழவிக்கு இரண்டு கையையும் ஆட்டினேன்.

சாப்பிடும்போது அக்கா, "பேசினியாடா?" என்றாள்.

"அக்கா, எனக்கும் இங்கேயே ஒரு வீடு பாரு."

நீங்கள் வெடித்துச் சிரித்தீர்கள். அவள் சிரிக்கவில்லை. ரசக் கரண்டியைக் கீழே வைத்தாள். "இங்க எல்லாரும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடறாங்க. நல்லவங்கதான். அக்கான்னு கூப்பிட ஒருத்தர் இல்லடா. நீ வந்தப்புறம்தான் அந்த வார்த்தையே காதுல விழுது."

நீங்கள் அந்தக் கரண்டியை எடுத்து அவளுக்கு ரசம் ஊற்றினீர்கள். பிறகு, "சரி, போலாம்" என்றீர்கள். அவ்வளவுதான்.

பேர்லேண்டில் அக்கா மலர்ந்தாள். வாசல் நிறைய ஆள், வாய் நிறைய அக்கா. எப்போதாவது அவள், "அந்த ஊர் ஞாபகம் வருதா?" என்று கேட்டால், "எந்த ஊரு?" என்பீர்கள். ஆனால் ஃப்ரீவேயில் நாம் இருவர் மட்டும் போகையில் மெதுவாக ஆரம்பிப்பீர்கள்: "மாப்ளே, அங்க சாயந்திரம் எப்படி இருக்கும், சொல்லேன்."

நான் அங்கே இருந்தது ஒரு வாரம். நீங்களோ வருஷக்கணக்காக வாழ்ந்தவர். இருந்தாலும் சொல்வேன். வீட்டுக்குப் பின்னால் இருந்த சிவப்பு மலையை மேகத்துக்கு மேலே ஏற்றுவேன். மான்களைச் சமையலறை வரை வரவழைப்பேன். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு, எதையும் திருத்தாமல், "இன்னும் சொல்லுடா" என்பீர்கள்.

நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகும், தனியாக ஓட்டும்போது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டுதான் போகிறேன், அத்தான். மலை நிலாவைத் தொட்டுவிட்டது. இன்னும் சொல்லு என்பதற்குத்தான் பக்கத்து சீட்டில் நீங்கள் இல்லை.