அவர் செய்த மதகுப் பலகைகள்

அக்டோபர் 21, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். தீபாவளி வெடிக் காகிதம் தெருவெல்லாம் நனைந்து ஒட்டிக் கிடக்கிறது. முழங்கால் வலி. வலது கால் அதிகம்.

வாங்க வேண்டியவை: பெரிய மெழுகுவர்த்தி, சுண்ணாம்பு, கால் மாத்திரை, பூனைக்குக் கருவாடு.

மெழுகுவர்த்தியும் சுண்ணாம்பும் நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு. அவர் போய் நான்கு வருடம். வெள்ளையடிக்க இந்த முறையும் நானே போவேன். பக்கத்தில் இருப்பதையும் பார்க்க வேண்டுமே என்று நினைத்தால் இப்போதே பல்லைக் கடிக்கிறேன்.

அவருடைய இடப்பக்கத்து இடம் எனக்கென்று விட்டது. அவரை அடக்கம் செய்த அன்று எல்லோர் முன்னாலும் அவர் தம்பி ச.ரா. சொன்னான்: "இது அண்ணிக்கு." (பெயரை முழுதாக எழுத மாட்டேன். இரண்டெழுத்து போதும்.) ஜூலையில் நான் கோவையில் மகள் ஷீலா வீட்டில் இருந்தபோது, தன் மாமியாரை அந்த இடத்தில் புதைத்துவிட்டான். அந்த அம்மா இருக்கும் பந்தலில் என் கணவர் காப்பிகூடக் குடித்ததில்லை. இப்போது பக்கத்தில் பக்கத்தில் படுக்கை, தீர்ப்பு நாள் வரை.

அன்றே அவன் எண்ணை பிளாக் செய்தேன். தெருக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கிற அன்பியத்தின் வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் விலகினேன். அவன்தான் அதற்குத் தலைவர்.

அதிலிருந்து பூசையில் கடைசிப் பெஞ்சு. நற்கருணைக்குப் போவதில்லை. நெஞ்சில் பகையை வைத்துக்கொண்டு கை நீட்டக் கூடாது. ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் நானே சொல்லிக்கொடுத்த பாடம். கேட்பவர்களுக்கு முழங்கால் வலி என்று பதில்.

அக்டோபர் 23, வியாழன்

மழை இல்லை, புழுக்கம். இன்றைய ஜெபமாலை பிலோமினா வீட்டில். மாதா சுரூபம் இந்த மாதம் முழுக்க வீடு வீடாகப் போகிறது. ஒரு வீட்டுக்காரர் தன் கையால் எடுத்துப் போய் அடுத்த வீட்டுக்காரர் கையில் கொடுக்க வேண்டும். வாங்குபவர் இரண்டு கையாலும் வாங்கி உதடு வைத்து முத்தி செய்ய வேண்டும். எத்தனையோ வருட வழக்கம்.

29 அன்று ச.ரா. வீடு. அடுத்த நாள் என் வீடு. அவன் கையிலிருந்து நான் வாங்க வேண்டும்.

ஜெபம் முடிந்து மன்னிப்பைப் பற்றிப் பேசினான். நன்றாகப் பேசுவான், சின்ன வயதிலிருந்தே. கடன் வாங்கியவன் சிக்கனத்தைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருந்தது.

சுண்டல் வாங்கும்போது பின்னால் பிலோமினாவின் குரல், ரகசியம் பேசுவதாக நினைப்பு: "டீச்சர் வாயத் தொறக்க மாட்டாங்க. ஆனா மார்க்குல கைய வச்சிருவாங்க."

சரியாகத்தான் சொன்னாள். எனக்குப் பொறுமை உண்டு. வகுப்பில் அடித்ததில்லை, கத்தியதில்லை. பரீட்சை வரும்வரை காத்திருப்பேன்.

அக்டோபர் 25, சனி

பரீட்சை வந்துவிட்டது. டிவியில் காற்றழுத்தத் தாழ்வு, டெல்டாவுக்குக் கனமழை.

எங்கள் இரண்டு வயலும் அடுத்தடுத்து. அவனுடையது மேலே, என்னுடையது கீழே. அவன் வயலில் மிஞ்சுகிற மழைத்தண்ணீர் என் வரப்போரத்து வடிவாய்க்கால் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அந்த வாய்க்காலில் ஒரு சின்ன மதகு. கோடையில் தண்ணீரை நிறுத்த அவர் பூவரச மரத்தில் மூன்று பலகை செய்து வைத்திருந்தார். மோட்டார் கொட்டகையில் கிடந்தன.

மூன்றையும் நானே மதகில் இறக்கினேன். இடுக்கில் வைக்கோல் அடைத்தேன். களிமண் பூசினேன். முழங்கால் ஒன்றும் சொல்லவில்லை.

ஐந்தாம் வகுப்புக் கணக்கு: தொட்டிக்கு மேலே ஒரு குழாய், கீழே ஒரு துளை. துளையை மூடிவிட்டால் தொட்டி எப்போது நிரம்பும்? கணக்கு வராத பையன்களுக்கு வாளியும் சொம்பும் வைத்துச் செய்து காட்டுவேன்.

அவன் சம்பா நட்டு பத்துப் பன்னிரண்டு நாள். மூழ்கினால் அழுகும்.

மதியம் மீன் குழம்பு. ருசித்துச் சாப்பிட்டேன்.

அக்டோபர் 27, திங்கள்

இரவெல்லாம் கொட்டியது. நன்றாகத் தூங்கினேன், ஜூலைக்குப் பிறகு முதல் தடவை. சுமை சுமப்பவர்களுக்கு இளைப்பாறுதல் என்று கோயிலில் சொல்கிறார்களே, அது இந்த வழியாகவும் வரும் போலிருக்கிறது.

காலையில் குடை பிடித்துப் போய்ப் பார்த்தேன். அவன் வயலில் பச்சை தெரியவில்லை. ஒரே வெள்ளம், நடுவில் இரண்டு கொக்கு.

ஷீலா வீடியோ காலில்: "என்னம்மா, முகமெல்லாம் பளிச்சுன்னு இருக்கு? சித்தப்பாகூட பேசிட்டீங்களா?"

மழை நல்லது என்றேன்.

அக்டோபர் 29, புதன்

மழை விட்டு விட்டு. மின்சாரம் இல்லை. பூனை கருவாட்டை முகர்ந்துவிட்டுப் போய்விட்டது.

நேற்று மதியத்திலிருந்து தூரத்தில் டீசல் என்ஜின் சத்தம். தண்ணீர் இறைக்கிறான். இறைக்கட்டும். இறைக்க இறைக்க ஊறும். டீசல் தீரட்டும்.

மாலையில் அவன் வீட்டு ஜெபமாலை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சுவருக்கு இந்தப் பக்கம் எல்லாம் கேட்டது. அவன் குரலைக் காணோம், அவன் மனைவி செலின்தான் நடத்தினாள். கடைசி விண்ணப்பம்: "எங்க அக்காவோட முழங்கால் வலி கொறையணும்." எல்லோரும் சேர்ந்து பதில் சொன்னார்கள்.

எனக்காக ஜெபிக்க இவளை யார் கேட்டது? அரிசி ஊறப் போட்டிருந்தேன், ஆட்டவில்லை. படுத்துவிட்டேன்.

நாளைக்குச் செய்ய வேண்டியது: சுரூபத்தை வாங்க வாசலில் பிலோமினாவை நிறுத்துவது. நான் உள்ளேயே இருப்பது.

அக்டோபர் 30, வியாழன்

இரவு வெகுநேரம் ஆகிவிட்டது. ஆனாலும் எழுதுகிறேன்.

மாலை விளக்கு வைக்கும் முன்பே ச.ரா. வந்துவிட்டான். கையில் மாதா, மேலே செலின் பிடித்த குடை. பின்னால் யாரும் இல்லை, பிலோமினாவும் வந்துசேரவில்லை. இடுப்பு வரை சேறு. நான் வாசலுக்கு வரவேண்டியதாயிற்று. கையை நீட்டவில்லை.

அவனும் நீட்டவில்லை. "அண்ணி, மாதாவ அப்பறம் வாங்கிக்குங்க. கல்லறைக்குள்ள தண்ணி ஏறி நிக்குது. அண்ணன் குழி உள்வாங்கிருச்சு. ரெண்டு நாளா என்ஜின் வச்சு இறைக்கிறேன், கொறையவே மாட்டேங்குது. உங்ககிட்ட சொல்லாம இருக்க முடியல."

"ஒன் வயலு?" என்று கேட்டேன்.

"வயலு போனா அடுத்த போகம் இருக்கு அண்ணி."

கல்லறைக்கு எப்போதும் கோயில் ரோட்டு வழியாகத்தான் போவோம். அவன் வயலை ஒட்டிய சவுக்குத் தோப்பின் பின்பக்கம் அதே கல்லறைத் தோட்டம்தான் என்று வயலில் நின்று ஒரு நாளும் நான் நினைத்துப் பார்த்ததில்லை. இரண்டிலிருந்தும் தண்ணீர் அந்த ஒரு வாய்க்காலில்தான் வடிய வேண்டும். தொட்டிக் கணக்கில் தொட்டிக்குள் யார் படுத்திருக்கிறார்கள் என்று கேட்கமாட்டார்கள்.

செருப்புகூடப் போடாமல் வயலுக்கு ஓடினேன். பலகை ஊறிப் பருத்து இறுகிவிட்டது. இழுத்தேன், வரவில்லை. மண்வெட்டியால் நெம்பினேன், காம்பு உடைந்தது. தண்ணீரில் உட்கார்ந்து அழுதேன் என்றுதான் நினைக்கிறேன், மழையில் எனக்கே தெரியவில்லை.

பின்னால் அவன் நின்றுகொண்டிருந்தான். மதகைப் பார்த்தான். பலகையைத் தடவிப் பார்த்தான், அண்ணன் வேலை என்று தெரியாமல் இருக்குமா? வைக்கோலைக் கொத்தாகப் பிடுங்கி எறிந்தான்.

"வைக்கோல நல்லா அடச்சிருக்கீங்க அண்ணி."

அவ்வளவுதான் சொன்னது. இறங்கினான். அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். முதல் பலகை வந்ததும் தண்ணீர் என்னைத் தள்ளிவிட்டது. கையைப் பிடித்துக்கொண்டான்.

மூன்று பலகையையும் தலையில் வைத்துத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டான். ஏன் என்று சொல்லவில்லை. அவன் இடத்தில் நான் இருந்தால் ஏன் கொண்டுபோவேன் என்று எனக்குத் தெரியும்.

திரும்பி வந்தபோது சுரூபம் என் வீட்டு மேசையில் இருந்தது. செலின் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். யார் கையிலிருந்தும் நான் வாங்கவில்லை.

அக்டோபர் 31, வெள்ளி

வெயில். தண்ணீர் வடிகிறது. தூக்கம் இல்லை.

பலகைகள் அவன் வீட்டுப் பக்கச் சுவரில், என் அடுப்படி ஜன்னலுக்கு நேராகச் சாய்ந்து நிற்கின்றன. ஞாயிற்றுக்கிழமை ஊரே கல்லறையில் கூடும். அங்கே கொண்டுவந்து காட்டுவான். காட்டட்டும்.

மாலையில் பாவசங்கீர்த்தனம். ஃபாதர் புதியவர், ஷீலாவைவிடச் சின்னவர். எல்லாவற்றையும் சொன்னேன். மாமியார் விஷயத்தில் கோபம் இன்னும் போகவில்லை, அதையும் சொன்னேன். நீளமான ஜெபம் எதுவும் கொடுக்கவில்லை. "அவங்களுக்கு எது போச்சோ, அதுல உங்களால முடிஞ்சதத் திருப்பிக் குடுங்க டீச்சர்."

என் நாற்றங்காலில் மிச்ச நாற்று நிற்பது உடனே நினைவுக்கு வந்தது. எரிச்சலோடுதான் வந்தது.

நவம்பர் 1, சனி

மேகமூட்டம். சுண்ணாம்பு கரைத்து எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போனேன். ஒரே சேறு, நடக்க முடியவில்லை, வாசல் கேட்டோடு நின்றுவிட்டேன். உள்ளே அவன் செம்மண் கொட்டி அண்ணன் குழியை மேடாக்கிக்கொண்டிருந்தான். மாமியாருடையதும் சரிந்திருந்தது, அதைத் தொடவில்லை. அண்ணனுக்குத்தான் முதலில்.

நாற்று இருக்கிறது, ஆளை வைத்துப் பறித்துக்கொள் என்று கேட்டிலிருந்தே சொன்னேன். சரி என்றான். பிறகு கேட்டே விட்டேன்.

"எனக்குன்னு வச்ச எடத்த ஏன்டா குடுத்த?"

மண்வெட்டியை ஊன்றி நின்றான். அன்று ஆற்றில் தண்ணீர் திறந்த நேரம், எங்கே தோண்டினாலும் அரை ஆளில் ஊற்று, அண்ணன் பக்கம் மட்டும்தான் காய்ந்த மண் என்றான். தண்ணீருக்குள் எப்படி அண்ணி ஒரு கிழவியை இறக்குவது என்றான்.

"அப்ப நான்?"

"நீங்க அண்ணன் குழியிலேயே. அஞ்சாறு வருசம் போனா மேலயே வைக்கலாம்னு அப்பவே ஃபாதர்கிட்ட கேட்டுட்டேன். பக்கத்துல எதுக்கு?"

இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்றேன்.

"நாப்பது தடவ போன் அடிச்சேன். எடுத்தீங்களா? வாசலுக்கு வந்தா கதவச் சாத்திக்கிறீங்க."

வீட்டுக்கு வந்து அவன் எண்ணைத் திறந்துவிட்டேன். எப்படி என்று தெரியாமல் ஷீலாவிடம் கேட்டு.

மன்னித்துவிட்டேன் என்று எழுத மாட்டேன். அந்த அம்மா அங்கேதான் இருக்கிறது. பலகையும் ஜன்னலுக்கு நேராகத்தான் இருக்கிறது.

நவம்பர் 2, ஞாயிறு

விடியலில் பார்த்தபோது சுவரில் பலகைகள் இல்லை. போகாமல் இருந்துவிடலாமா என்று சேலையைக் கட்டி அவிழ்த்து மறுபடி கட்டினேன்.

ஊரே கூடியிருந்தது. வாசலிலிருந்து உள்ளே சேறு. மற்றவர்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வழுக்கி வழுக்கிப் போனார்கள். சேற்றின் மேல் மூன்று பலகை, இடைவெளி விட்டு ஒன்றன் பின் ஒன்றாக, வாசலுக்கு அருகிலேயே இருக்கும் அவர் கல்லறை வரை. அவன் பக்கத்தில் நின்றிருந்தான்.

"வாங்க அண்ணி. உங்க பலகதான். வழுக்காது."

பிலோமினா அவனைப் பார்த்து, "அண்ணிக்குன்னா எம்புட்டு அக்கறை பாரு" என்றாள். அவன் ஆமாம் என்று தலையாட்டினான். பழிவாங்குவதில் என்னைவிடக் கெட்டிக்காரன்.

நடந்தேன். ஊர் பார்க்க, அந்தப் பலகை மேலேயே.

பூசையில் சமாதானம் சொல்கிற நேரம். என் வலப்பக்கம் பிலோமினா, இடப்பக்கம் அவன். அவன் பக்கம் முதலில் திரும்பினேன். நற்கருணை வாங்கினேன்.

மெழுகுவர்த்தி அவருக்கு ஒன்று. காற்றில் அந்த அம்மாவுடையது அணைந்தது, செலின் பார்க்கவில்லை. அவருடையதிலிருந்து பற்றவைத்தேன். அவருக்குப் பிடிக்காது, தெரியும். பொறுத்துக்கொள்ளட்டும்.

நாளை நாற்று பறிக்க ஆள். கட்டுக் கட்டாக சவரிராஜ் வரப்பில் போடச் சொல்ல வேண்டும்.