உப்பளத்துக்குப் போன போன்

12-3-2006, ஞாயிறு

மரக்காணம் வாழ் பொதுமக்களுக்கு இதனால் அறிவிப்பது என்னவென்றால்: தையல்நாயகி அவர்களின் வீட்டில் செல்போன் தேர்வுக் குழு இன்று காலை, இட்லி வெந்துகொண்டிருந்த நேரத்தில், முறைப்படி அமைக்கப்பட்டது. தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் கௌதமன், பிளஸ் ஒன். என் அம்மாவாகிய தையல்நாயகி சாதாரண உறுப்பினர். ஓட்டு கிடையாது.

எதற்குப் போன்? ரோட்டோர உப்புக் கிடங்குக்கு லாரி வந்தால், அங்கிருக்கும் கணக்குப்பிள்ளை நடராசன் பஸ் ஸ்டாண்டு பூத்துக்குப் போன் செய்வார். பூத்துக்காரர் ஆள் அனுப்புவார். அம்மா எங்கள் தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய் மூட்டை பிடித்து ஏற்றிக் கொடுப்பாள். இப்போது பூத்தை மூடிவிட்டு ஜூஸ் கடை வைக்கப்போகிறார்களாம்.

"செல்லு வாங்கிக்கம்மா. ரெண்டு வாட்டி அடிப்பேன், எடுக்கலன்னா முத்தம்மா செட்டக் கூப்புட்டுப்பேன்" என்று நடராசன் சொல்லிவிட்டார். முத்தம்மாள் அடுத்த தெரு. அவள் மகன் ஏற்கெனவே போன் வாங்கிக் கொடுத்துவிட்டான். லாரி வேலை கைவிட்டுப் போனால் எங்கள் தெருவே திண்டாடும்.

14-3, செவ்வாய்

என் கூட்டாளி பாவாடையிடம் சொல்லிவிட்டேன்: கலர் ஸ்கிரீன், கேமரா, விதவிதமான ரிங்டோன். இதில் ஒன்று குறைந்தாலும் அது போனே இல்லை.

"உங்கம்மா போட்டோ புடிச்சி இன்னாடா பண்ணப் போவுது?" என்றான். பேர் பாவாடை, புத்தி கிழிசல்.

19-3, ஞாயிறு

கோட்டக்குப்பம், அன்வர் பாய் கடை. துபாயிலிருந்து வருகிறவர்கள் விற்றுவிட்டுப் போகும் போன்கள். பாய் இரண்டை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று சாம்பல் நிறத்தில் குண்டாக இருந்தது. கலர் இல்லை, கேமரா இல்லை, பட்டன் ஒவ்வொன்றும் புளியங்கொட்டை சைஸ். இன்னொன்று மடக்குப் போன். அந்த இருட்டுக் கடையில் திறந்ததும் பளபளவென்று எரிந்தது. எனக்கு மூச்சே நின்றுவிட்டது.

"போனு யாருக்கும்மா?"

"எனக்குத்தாங்க. உப்பளத்துல வேல செய்றேன்."

பாய் குண்டுப் போனை அம்மா பக்கம் தள்ளினார். நான் அதைத் திருப்பி அவர் பக்கமே தள்ளினேன். "பாய், இது செங்கல்லு. நாங்க வீடு கட்டி முடிச்சிட்டோம்."

பாயே சிரித்துவிட்டார். அம்மா சொன்னாள்: "அவன் படிக்கிற புள்ளைங்க. அவன் சொல்றதையே குடுத்துடுங்க."

ஒரு வாரத்துக்குள் கீறல் இல்லாமல் கொண்டுவந்தால் மாற்றித் தருவாராம். யார் மாற்றப்போகிறார்கள்?

20-3, திங்கள்

இந்தப் போனில் நாய் குரைக்கிறது, சேவல் கூவுகிறது, ரயில் போகிறது. எல்லாவற்றுக்கும் மேலே, கைக்குழந்தை அழுகிறது! டவுன் பஸ்ஸில் சோதித்துப் பார்த்தேன். "யாரும்மா அது, புள்ளைய கொஞ்சம் பாரும்மா" என்று கண்டக்டர் கத்தினார். முன்னாலிருந்த பெண்கள் எல்லாரும் திரும்பினார்கள். நானும் திரும்பினேன்.

அம்மாவுக்கு ரயில்தான் வைத்திருந்தேன். இப்போது சொல்லாமல் குழந்தையை வைத்துவிட்டேன். பைக்குள்ளிருந்து பிள்ளை அழும்போது அந்த முகத்தைப் பார்க்க நான் பக்கத்தில் இல்லையே என்பதுதான் வருத்தம்.

21-3, செவ்வாய்

யாரும் கூப்பிடவில்லை. என் குழந்தை தூங்குகிறது.

22-3, புதன்

லாரி போய்விட்டது.

உப்புத் தண்ணீர்க் கையோடு தொடக்கூடாது என்று அம்மா போனைப் பையில் போட்டு மோட்டார் கொட்டகையில் மாட்டியிருக்கிறாள். அம்மாவோடு வேலை செய்யும் சகாயசெல்வி அக்கா அதே கொட்டகையில்தான் தன் பிள்ளைக்குத் தூளி கட்டியிருக்கிறது. மத்தியானம் அழுகைச் சத்தம். கூடையைப் போட்டுவிட்டு அக்கா ஓடியிருக்கிறது. போய்ச் சேர்வதற்குள் போன் நின்றுவிட்டது. ஆனால் அந்தச் சத்தத்தில் நிஜக் குழந்தை எழுந்து அழ ஆரம்பித்துவிட்டது. தூக்கிக்கொண்டு வரப்புப் பக்கம் போய்விட்டது அக்கா. கொஞ்ச நேரத்தில் கொட்டகையிலிருந்து இன்னொரு அழுகை வந்ததாம். தூரத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள், அக்கா பிள்ளைதான் என்று விட்டுவிட்டார்கள்.

சாயங்காலம் போனைத் திறந்தேன். இரண்டு மிஸ்டு கால். நடராசன்.

"போனு அடிக்கவே இல்லடா" என்கிறாள் அம்மா. "கொழந்ததான் அழுதுகினே இருந்துது."

தெருவில் ஒருத்தி வாசலில் நின்று கேட்டாள்: "செல்லு வெச்சிகினு இன்னா பிரயோஜனம், தையலு? முத்தம்மா செட்டுதான ஏத்திச்சி?" அம்மா உள்ளே போய்விட்டாள். சோறும் சரியாகத் தின்னவில்லை.

நான் "சிக்னல் கோளாறும்மா" என்றேன். ஏண்டா கௌதமா அப்பிடிச் சொன்ன? வேற இன்னா சொல்றது - நான்தான்னா? அம்மா தோல உரிச்சி உப்புல போட்டுடும்.

இன்னொரு தடவை தவறினால் அவ்வளவுதான் என்று நடராசன் சொல்லியனுப்பியிருக்கிறார்.

25-3, சனி

ரிங்டோனைப் பழையபடி ரயிலுக்கு மாற்றிவிட்டு நானே உப்பளத்துக்குப் போனேன். உச்சி வெயில். தரையெல்லாம் வெள்ளை, கண் கூசுகிறது. போனைத் திறந்தால் ஸ்கிரீனில் என் மூஞ்சிதான் தெரிகிறது. எழுத்தும் இல்லை, நம்பரும் இல்லை. கையைக் குவித்து மறைத்தேன். துண்டைத் தலையோடு போர்த்திக்கொண்டு பார்த்தேன். அப்படியும் சரியாகத் தெரியவில்லை. அம்மாவை அழுத்தச் சொன்னேன். உப்பில் வெடித்த விரலுக்கு அந்தப் பட்டன் அகப்படவே இல்லை. ஒன்றை அழுத்தினால் மூன்று அமுங்குகிறது.

அப்பாடா! போன் மீதும் நிஜமாகவே குற்றம் இருக்கிறது.

26-3, ஞாயிறு

மறுபடியும் கோட்டக்குப்பம். கலர் ஸ்கிரீனும் வெயிலும் பற்றிப் பாய்க்கு ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். குண்டுப் போனை நடு ரோட்டு வெயிலில் பிடித்துக் காட்டினேன். நம்பர் கறுப்பாக, பளிச்சென்று தெரிந்தது. கயிறு கோக்க ஓட்டையும் இருக்கிறது. கழுத்தில் மாட்டிக்கொண்டு, மேலே பிளாஸ்டிக் கவர் போட்டுவிட்டால் ஈரக் கையோடும் எடுக்கலாம். மணி மாதிரி ஒரே சத்தம். வேறு சத்தம் அதற்குத் தெரியாது.

"வெயில்ல வெச்சிப் பாத்து வாங்கணும்னு எம்புள்ளதான் கண்டுபுடிச்சான்" என்று பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் அம்மா சொல்லிக்கொண்டு வந்தாள். பாவாடையிடம் நானே சொன்னேன்: இனி இந்த ஊரில் யார் போன் வாங்கினாலும் என்னைக் கேட்டுத்தான் வாங்கவேண்டும்.

31-3, வெள்ளி

நடராசன் கூப்பிட்டார். முதல் மணியிலேயே அம்மா எடுத்துவிட்டாள். லாரி எங்கள் தெருவுக்கு. சாயங்காலம் எல்லாரும் எங்கள் வீட்டு வாசலில் டீ குடித்தார்கள். "கௌதமன் வாங்கின போனு" என்று ஆளுக்கு ஒரு தரம் கையில் வாங்கிப் பார்த்தார்கள். நானும் வெயில், ஸ்கிரீன், பட்டன் என்று அளந்துகொண்டிருந்தேன்.

அப்போது சகாயசெல்வி அக்கா சொன்னது: "லாரி தவறின அன்னிக்கு எம்புள்ள இன்னாத்தயோ கண்டு பயந்துடுச்சி. தூக்கத்துல ஒரு அழுவ, எங்கூட இருக்கும்போதே கொட்டாயில ஒரு அழுவன்னு சொல்றாங்க. நாளைக்கு மாதா கோயில்ல ஜெபம் பண்ணச் சொல்லியிருக்கறேன்."

எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். அம்மா அந்தப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மாதாவிடம் வரைக்கும் போகிறது விஷயம். டீயைக் கீழே வைத்துவிட்டு, அன்றைக்கு அழுதது போன்தான் என்று சொல்லிவிட்டேன்.

 அக்காதான் முதலில் சிரித்தது, சிரித்துக்கொண்டே என் காதைத் திருகியது. அம்மா சிரிக்கவில்லை. "இன்னிக்கி வேலைக்கு வந்தவங்க எல்லார் காலும் கழுவத் தண்ணி எடுத்தாந்து ஊத்துடா" என்றாள். ஊற்றினேன்.

அந்த மடக்குப் போன் வெயிலில் தெரியாது என்பது உண்மை. ஆனால் அது அன்றைக்கு நன்றாகத்தான் அடித்தது. குழந்தை அழுகையை வைத்தது நான்தான்.