சத்து என்று காதில் விழுந்தது

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இடுப்புக்கு மேலே நான் சௌக்கியம், கீழே இருப்பதைக் கேட்காதே, நீயும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்த அன்றைக்கு யார் யார் இருந்தார்கள் என்று கேட்டாயே, எனக்கா மறக்கும். உன் அண்ணன், அண்ணி, பக்கத்து வீட்டுத் தையல்காரி, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் உன் தங்கை புருஷன், கட்டிலில் நான். என் பாதம் மரத்ததற்கு ரத்தம் எடுத்திருந்தார்கள் அல்லவா, அதைப் பற்றி ஆஸ்பத்திரிப் பெண் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்திருந்த போனில், ரத்தக்குழாயை வளர்க்கும் சத்து அம்மாவுக்கு மிக அதிகமாக இருக்கிறது, டாக்டரை வந்து பாருங்கள் என்றாள். உன் அண்ணன் காதில் சத்து மட்டும்தான் விழுந்தது. உடம்புல சத்து ஏறிடுச்சு, காலு தானா சரியாயிடும், அம்மாவை எதுக்கு மூணு மாடி இறக்கணும் என்றான். சத்து இல்லாமலா இந்தப் பேச்சுப் பேசறாங்க என்றாள் தையல்காரி. எல்லோரும் சிரித்தோம், நானும்தான். மாப்பிள்ளை மட்டும் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

அந்தச் சிரிப்பிலேயே மாதங்கள் போயின. பாதத்தில் இருந்த மரமரப்பு முழங்காலுக்கு ஏறியது, தோல் கறுத்தது, கால் வீங்கியது, கடைசியில் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். டாக்டரம்மா எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். எலும்புக்குள் சில அணுக்கள் கெட்டுப்போயிருக்கின்றனவாம், அதனால் இந்தச் சத்து கட்டுமீறிச் சுரக்கிறதாம், ரத்தக்குழாய் கசிந்து நரம்பைச் சுற்றி நீர் தேங்குகிறதாம். லட்சத்தில் ஒருவருக்கு வருகிற நோயாம், எனக்கென்று தேடி வந்திருக்கிறது. மருந்தில் சத்து இறங்குகிறது, நரம்பு திரும்புமா என்று சொல்ல முடியாது, முன்பே வந்திருந்தால் நடந்தே வந்திருப்பீர்கள் என்றாள்.

இப்போது எனக்கு உலகம் என்றால் இந்தக் கட்டிலும் ஜன்னலில் தெரியும் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும்தான். கீழே விழுந்த சீப்பை எடுக்கக்கூட ஆள் கூப்பிட வேண்டும். ஊசி போட மாப்பிள்ளைதான் வருகிறார், வலிக்காத கை, குறை சொல்ல மாட்டேன். போன வாரம் என் காலைத் துடைத்துக்கொண்டே, அது கெட்ட சேதின்னு எனக்கு அப்பவே தெரியும் அத்தை, எல்லாரும் சந்தோஷமா இருந்தீங்க, எப்படிக் கெடுக்கிறதுன்னு இருந்துட்டேன் என்றார். காலை இழுத்துக்கொள்ள நினைத்தேன். அது அவர் கையிலேயே கிடந்தது.

உன்னிடமும் போனில் அழுதாராம், பெரிய மனசு பண்ணும்மா என்கிறாய். உன் அண்ணன் மடையன், நான் பெற்ற மடையன், அவனைப் பொறுத்துவிட்டேன். தையல்காரிக்கு வாய்த்துடுக்கு, போகட்டும். உன் தங்கையிடம் எதையும் சொல்லிவிடாதே, அவள் வாழ வேண்டியவள். உனக்குப் பாதம் மரத்தால் யார் பேச்சையும் கேட்டு வீட்டில் உட்காராதே. நூறு வயது இரு, நடமாடிக்கொண்டு இரு. நாளைக்கும் ஊசிக்கு அவர்தான் வர வேண்டும், நானும் வாங்க மாப்பிள்ளை என்றுதான் சொல்ல வேண்டும், சொல்வேன். மன்னிக்க மட்டும் மாட்டேன்.

இப்படிக்கு,
உன் தங்கை புருஷனை மன்னிக்காத அம்மா